டர்போ கார் புகைச்சவுடனை டர்போவை மாத்தாதேங்கோ: கிராங்க்கேஸ் காத்துப்போக்கு பற்றி

கோண்டாவிலிலை இருந்து ஒரு தம்பி கேட்டது, ஓகஸ்ட் 2

அண்ணை, 1000 சீசி டர்போ பெற்றோல் கார், 2018. றெயில் கடவையிலை கொஞ்ச நேரம் நிண்டு போட்டு மிதிச்சா பின்னாலை நீலப் புகை. இன்ரர்கூலர் (டர்போ அடிக்கிற காத்தைக் குளிராக்கிற சாமான்) பைப்பைக் கழட்டினா உள்ளை ஒயில். கராஜிலை டர்போ சீல் போட்டுது, டர்போ முழுசா மாத்தோணும் எண்டினம். டர்போ காரிலை நீலப் புகை எண்டா டர்போ தானே, வேறை என்ன இருக்கப்போகுது? பழசு போடவோ புதுசு போடவோ எண்டு மட்டும் சொல்லுங்கோ.

ஓகஸ்ட் 2, இரவு

ரெண்டும் வேண்டாம். இப்போதைக்கு ஒரு சாமானும் வாங்காதேங்கோ. முதல் ரெண்டு விசயம் பாத்துச் சொல்லுங்கோ: டிப்ஸ்டிக் (ஒயில் மட்டம் பாக்கிற கம்பி) தானா மேலை எழும்பி நிக்குதோ, ஐடிலிலை, அதாவது மிதிக்காமல் எஞ்சின் ஓடேக்கை, ஒயில் மூடியைத் திறக்கேக்கை எப்பிடி இருக்கு, லேசா வருதோ, இறுக்கி இழுத்துப் பிடிக்குதோ, இல்லாட்டி புசுக்கெண்டு ஊதுதோ.

ஓகஸ்ட் 3, காலமை

ஆறுதலா எழுதுறன், ஏனெண்டா உந்தக் கேள்வியோடை கனபேர் வருகினம், கனபேர் டர்போ மாத்தின பிறகுதான் வருகினம்.

பிஸ்ரன் றிங் எவ்வளவு புதுசா இருந்தாலும் நூறு வீதம் அடைக்காது. மேலை வெடிக்கிற நேரம் கொஞ்சக் காஸ் றிங் இடுக்காலை கீழை கிராங்க்கேசுக்குள்ளை, அதாவது கிராங்க் சாப்ற் சுத்திற கீழ்ப் பெட்டிக்குள்ளை, இறங்கும். டர்போ பெற்றோல் எஞ்சினிலை சிலிண்டருக்குள்ளை அமுக்கம் 80 பாரையும் தாண்டிப் போகும், அப்ப இறங்கிறதும் கூட. அதோடை டர்போ சாப்ற் பக்கத்தாலையும் கொஞ்சக் காத்தும் எக்சோஸ்ற் காசும் ஒயில் திரும்புற பைப்பாலை கிராங்க்கேசுக்குத்தான் வந்து சேரும், இதை ஆரும் கணக்கெடுக்கிறேல்லை. வந்ததுக்குள்ளை எரியாத பெற்றோல் ஆவி இருக்கு, தண்ணி ஆவி இருக்கு, ஒயிலைப் புளிக்கவைக்கிற அமிலங்கள் இருக்கு. இதெல்லாம் வெளியாலை போக வழி வேணும், வழி அடைச்சா கிராங்க்கேஸ் ஊதத் தொடங்கும், ஊதினா எந்தச் சீல் இளக்கமோ அதாலை ஒயில் வரும்.

டர்போ இல்லாத காரிலை வேலை லேசு. ரெப்பற் கவரிலை (எஞ்சினின்ரை மேல் மூடியிலை) ஒரு பிசிவி வால்வு, கிராங்க்கேஸ் காசை வெளியாலை விடுறது அதுதான், அதிலை இருந்து ஒரு ஓஸ் இன்ரேக் மனிபோல்டுக்கு (சிலிண்டருகளுக்குக் காத்துப் பிரிஞ்சு போற குழாய்). மற்றப் பக்கத்தாலை இன்னொரு ஓஸ் ஏயர் கிளீனரிலை இருந்து சுத்தக் காத்தைக் கொண்டு வரும். மனிபோல்ட் இழுக்க, சுத்தக் காத்து உள்ளை வந்து அழுக்குக் காசைக் கூட்டிக்கொண்டு போய் எரிக்கும். வால்வுக்குள்ளை ஒரு சின்ன முளையும் ஸ்பிறிங்கும் இருக்கு. ஐடிலிலை இழுவை கூட, அப்ப முளை இழுபட்டு வழியை ஒடுக்கும், ஓடேக்கை நடுவிலை நிண்டு கூட விடும். முழுசா மிதிச்சா மனிபோல்டிலை இழுவையே இல்லாமல் போயிடும், மிஞ்சிற காஸ் சுத்தக் காத்து வாற ஓசாலையே திரும்பி ஏயர் கிளீனர் பக்கம் போகும்.

டர்போவிலை சிக்கல் எங்கை எண்டா, மிதிக்கேக்கை மனிபோல்டிலை பூஸ்ற், அதாவது டர்போ அடிக்கிற காத்தின்ரை அமுக்கம், வந்து நிக்கும். அந்த நேரம் வால்வு திறந்து கிடந்தா டர்போ அடிக்கிற காத்து நேரா கிராங்க்கேசுக்குள்ளை போகும். அதாலைதான் அந்த ஓசிலை ஒரு பக்கத்துக்கு மட்டும் விடுற செக் வால்வு வைக்கிறது. பூஸ்ற் வந்தவுடனை அது மூடும், காஸ் ரெண்டாவது வழியாலை போகும், அது ஏயர் கிளீனருக்கும் டர்போ கம்பிரசருக்கும் (டர்போவிலை காத்தை உறிஞ்சி அமுக்கிற பக்கம்) இடையிலை போய்ச் சேருற பிறீதர் ஓஸ். கம்பிரசர் உறிஞ்சிறதாலை அந்த இடத்திலை மெல்லிய இழுவை இருக்கும். ஆகவே மிதிக்கிற நேரத்துக்கு ஒரு வழி, மிதிக்காத நேரத்துக்கு இன்னொரு வழி, ரெண்டும் சுகமா இருக்கோணும்.

இதிலை இருந்து விளங்கவேண்டியது: மிதிக்கேக்கை ஒயில் ஆவியோடை வாற காஸ் கம்பிரசருக்குள்ளாலை, பிறகு இன்ரர்கூலருக்குள்ளாலைதான் போகுது. ரெப்பற் கவருக்குள்ளை ஒயிலைப் பிரிக்கிற தட்டுகள் இருந்தாலும் முழுசாப் பிரியாது. இன்ரர்கூலர் பைப்புக்குள்ளை விரலை வைச்சா விரல் நனைஞ்சு வாறது சுகமான எஞ்சினிலையும் இருக்கும். பைப்பைச் சரிக்க ஒயில் ஊத்துண்டா மட்டும்தான் யோசிக்கோணும். "பைப்பிலை ஒயில், டர்போ போட்டுது" எண்டு ஒரு நிமிசத்திலை தீர்ப்புச் சொல்லுறது எனக்குத் துண்டாப் பிடிக்காது.

ஓகஸ்ட் 3, பின்னேரம்

ஒராள் கேட்டிருக்கிறார், உந்த ஓசையெல்லாம் கழட்டி நிலத்துக்கு விட்டா என்ன, பழைய கார் அப்பிடித்தானே ஓடினது எண்டு. உண்மைதான். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் காலத்திலை ஒரு குழாய் கீழை நோக்கித் திறந்தபடி நிக்கும், கார் ஓட அந்த வாயிலை உண்டாகிற இழுவையாலை காஸ் வெளியாலை போகும். நிண்டா ஒண்டும் போகாது, ஒயில் கெதியாக் களியாகும். அதோடை அந்தப் புகை முழுக்க ஊருக்குத்தான். லொஸ் ஏஞ்சலிசிலை வானம் புகைமூட்டமாக் கிடந்ததுக்கு வாகனத்திலை இருந்து வாற எரியாத பெற்றோல் ஆவி பெரிய காரணம் எண்டு ஹாகன்-ஸ்மிட் எண்ட விஞ்ஞானி 1950களின்ரை தொடக்கத்திலை காட்டினவர், அதுக்குப் பிறகுதான் 1960களின்ரை தொடக்கத்திலை கலிபோர்னியாவிலை புதுக் காருகளுக்கு பிசிவி வந்தது. சைலன்சரிலை ஒரு மாற்றமும் செய்ய முதலே இதைத்தான் செய்தவை, அவ்வளவுக்கு இதாலை போற அழுக்குக் கூட.

இப்ப கழட்டி விட்டா இன்னொரு கரைச்சலும் இருக்கு. இப்பத்தைக் கார் கனக்க உள்ளை போற காத்தை அளந்துதான் பெற்றோல் விடுது, மனிபோல்ட் பக்க ஓசை அடைக்காமல் கழட்டினா அளக்காத காத்து உள்ளை போய் ஐடில் ஆடும், எஞ்சின் லைட் பத்தும்.

ஓகஸ்ட் 5

இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விசயம், தம்பி இதை வடிவா வாசியுங்கோ.

டர்போ சீல் எண்டு எல்லாரும் சொல்லுகினம், ஆனா அதுக்குள்ளை றப்பர் சீல் ஒண்டும் இல்லை. சின்ன டர்போவின்ரை சாப்ற் நிமிசத்துக்கு 2 லட்சம் சுற்றுச் சுத்தும், ஒரு பக்கம் எக்சோஸ்ற் சூடு, அங்கை றப்பர் நிக்குமோ? இருக்கிறது பிஸ்ரன் றிங்கின்ரை வடிவத்திலை ஒரு சின்ன உலோக றிங், அதுக்கு இடைவெளியும் இருக்கு. அது ஒயிலை மறிக்கிறது இறுக்கத்தாலை இல்லை, ரெண்டு பக்க அமுக்க வித்தியாசத்தாலைதான்.

டர்போவைக் கையிலை வைச்சுப் பாருங்கோ. ஒயில் உள்ளை வாற பைப் மெல்லிசு, ஒரு பென்சில் மொத்தமும் வராது. வெளியாலை போற பைப் அதைவிட நல்ல மொத்தம், பெருவிரல் உள்ளை போகும், கிட்டத்தட்ட நேரா கீழை இறங்கும். உள்ளை வாறது பம்பின்ரை அமுக்கத்திலை, போறது வெறும் பாரத்திலை, தானா வடிஞ்சு. அந்த வடியிற பைப் போய் விழுறது கிராங்க்கேசுக்குள்ளை. கிராங்க்கேஸ் ஊதிக்கொண்டு இருந்தா வடியேலாது. கிணத்தடித் தொட்டியிலை வாய்க்காலை அடைச்சுப் போட்டு மோட்டரை ஓட விட்ட மாதிரி, மேலாலை வழியத்தான் செய்யும். வழியிற ஒயில் ஒரு பக்கம் கம்பிரசருக்கு, மற்றப் பக்கம் சுடுசூட்டு எக்சோஸ்ற்றுக்கு. அங்கைதான் உங்கடை நீலப் புகை.

இப்ப புது டர்போவைக் கொண்டுவந்து பூட்டினா என்ன நடக்கும்? அதே கிராங்க்கேஸ், அதே அமுக்கம், புது டர்போவும் புகைக்கும். பிறகு "சாமான் டூப்ளிகேற்" எண்டு கடைக்காரனோடை சண்டை. ஒரு காருக்கு ரெண்டு தரம் டர்போ மாத்திப் போட்டு என்னட்டை வந்தவர் ஒருத்தர் இருக்கிறார், கடைசியிலை பிழை பிறீதர் ஓசிலை. அந்தக் காசிலை அவர் பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டி எடுத்துக் குடுத்திருக்கலாம். எனக்கு உண்மையா வயிறு எரிஞ்சது.

ஓகஸ்ட் 6

தம்பி மறுமொழி போட்டிருக்கிறார்: டிப்ஸ்டிக் சிலவேளை அரை அங்குலம் எழும்பி நிக்குதாம், தான் ஒழுங்கா அமத்தேல்லை எண்டு நினைச்சவராம். ஐடிலிலை ஆட்டமும் இருக்காம். எனக்கு இதுவே முக்கால்வாசி காணும். எண்டாலும் அளந்து பாக்கோணும்.

அளக்கிறதுக்குப் பெரிய மெசின் தேவையில்லை. மேசன்மார் மட்டம் பிடிக்கிற தெளிஞ்ச ரியூப் ஒண்டு எடுங்கோ. ஒரு பலகையிலை யூ வடிவத்திலை கட்டுங்கோ, ரெண்டு காலும் ஒவ்வொரு மீற்றர் உயரம் வரட்டும், பாதி மட்டத்துக்குத் தண்ணி விட்டு மாக்கரிலை கோடு போடுங்கோ. ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயிலை காத்துப் போகாத மாதிரி இறுக்குங்கோ, மற்ற முனை திறந்தபடி. எஞ்சினை நல்லாச் சூடாக்கிப் போட்டு ஐடிலிலை விடுங்கோ. எஞ்சின் பக்கக் காலிலை தண்ணி கொஞ்சம் ஏறினா உள்ளை இழுவை இருக்கு, நல்லது. மற்றக் காலிலை ஏறினா கிராங்க்கேஸ் ஊதுது. ரெண்டு காலுக்கும் இடையிலை ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு மில்லிபார்.

கால் ஏன் ஒரு மீற்றர் எண்டா, ரெப்பற் கவருக்குள்ளை டயபிறம் (இழுவையைக் கட்டுப்படுத்திற மெல்லிய றப்பர் தோல்) வைச்ச சில எஞ்சினிலை இருபது முப்பது சென்ரிமீற்றர் இழுவை இருக்கிறது வழமை, ரியூப் கட்டையா இருந்தா தண்ணியை உறிஞ்சி எஞ்சினுக்குள்ளை எடுத்திடும். கவனம்.

இன்னொண்டு, நிண்ட இடத்திலை றேஸ் பண்ணிப் பாத்துப் போட்டு "பூஸ்ற்றிலை பிரச்சினை இல்லை" எண்டு சொல்லாதேங்கோ. பாரம் இல்லாமல் பூஸ்ற் பெரிசா வராது. றோட்டிலை உந்த ரியூப்போடை ஓடவும் வேண்டாம், ஒரு பார் எண்டா 10 மீற்றர் தண்ணி, செக் வால்வு விட்டிட்டுதெண்டா தண்ணி முழுக்க வெளியாலை பறக்கும். அதைப் பாக்க வால்வைக் கழட்டி, துடைச்சு, ஒரு துண்டு சுத்த ஓஸ் பூட்டி ஊதிப் பாக்கிறதுதான் வழி. மனிபோல்ட் பக்கத்தாலை ஊதினா போகக்கூடாது, எஞ்சின் பக்கத்தாலை ஊதினா போகோணும். உறிஞ்சிப் பாக்கவேண்டாம், உள்ளை இருக்கிறது நஞ்சு.

ஓகஸ்ட் 7

ஒயில் மூடியைக் கழட்டி றப்பர் கையுறை பூட்டினா காணும், ஊதினா பிழை எண்டு ஒராள் எழுதியிருக்கிறார். கெட்ட முறை இல்லை, வெளிநாட்டிலை கனபேர் அப்பிடித்தான் பாக்கினம். ஆனா அது எந்தப் பக்கம் எண்டு மட்டும் சொல்லும், எவ்வளவு எண்டு சொல்லாது. ரியூப் எவ்வளவு எண்டும் சொல்லும், நாளைக்கு வேலை செய்த பிறகு ஒப்பிட்டுப் பாக்கலாம். அதுக்குத்தான் நான் ரியூப்பிலை நிக்கிறன்.

நோர்வேயிலை இருக்கிற என்ரை மச்சான் இதை வாசிச்சுப் போட்டு எடுத்தவன். அங்கை குளிருக்குப் பிறீதர் ஓசுக்குள்ளை தண்ணி உறைஞ்சு அடைச்சு, ஒயில் டிப்ஸ்டிக்காலை வெளியாலை வந்து ஊத்துண்டிருக்கு. குளிர் நாட்டுக் காருகளிலை இதுக்கெண்டே ஓசைச் சூடாக்கிற சின்னக் கீற்றர் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பயம் இல்லை, எங்கடை எதிரி சூடும் வயசும். பிளாஸ்ரிக் ஓஸ் மொறுகி வெடிக்குது, டயபிறம் இறுகிக் கிழியுது. 2020 பங்குனியிலை தனியார் வாகன இறக்குமதி நிண்டு 2025 மாசியிலைதான் திரும்பத் திறந்தது, அதுக்கிடையிலை ரொயோட்டா றெய்ஸ், ஹொண்டா சிவிக் எண்டு எங்கடை றோட்டிலை ஓடின 1000 சீசி டர்போ எல்லாத்துக்கும் வயசு போட்டுது. அதாலைதான் உந்தக் கேள்வி இப்ப இவ்வளவு வருகுது.

ஓகஸ்ட் 9

கொஞ்சம் வேறை பக்கம் போறன். மண்ணெண்ணெய்க் கதை கேட்டிருக்கினம்.

90களிலை பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லை, குடாநாட்டிலை வாகனம் மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. சின்னப் போத்திலிலை இருக்கிற கொஞ்சப் பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. பெரியப்பா ஒஸ்ரின் ஏ40 வைச்சிருந்தவர். டிப்ஸ்டிக்கிலை ஒயில் குறையாது, கூடும். நான் சின்னப் பெடியன், ஒயில் விடாமல் எப்பிடிக் கூடுது எண்டு கேட்டன். அவர் டிப்ஸ்டிக்கை என்ரை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சார், மண்ணெண்ணெய் நாத்தம். ஆவியாகாத மண்ணெண்ணெய் றிங்காலை வடிஞ்சு ஒயிலோடை சேருது. ரெண்டு விரலுக்கிடையிலை உரஞ்சிப் பாத்தா ஒயிலுக்கு வழுவழுப்பே இல்லை.

இது பழங்கதை எண்டு நினைக்கவேண்டாம். சிலிண்டருக்குள்ளை நேரா பெற்றோல் அடிக்கிற இப்பத்தை டர்போ எஞ்சினிலையும் இதேதான், கொஞ்சமா நடக்குது. வீட்டிலை இருந்து திருநெல்வேலிச் சந்தை, சந்தையிலை இருந்து வீடு, ஒயில் சூடாக முதல் எஞ்சினை நிப்பாட்டினா பெற்றோலும் தண்ணியும் ஒயிலுக்குள்ளையே கிடக்கும். மாரியிலை ஒயில் மூடியைத் திறந்து பாருங்கோ, வெளிறின பழுப்பிலை களி படிஞ்சிருக்கும். ஒயில் நல்லாச் சூடானாத்தான் அதெல்லாம் ஆவியாகும், ஆவியை வெளியாலை எடுக்கிறது இதே பிசிவி. கிழமையிலை ஒருக்கா சாவகச்சேரி, ஆனையிறவு வரைக்கும் நீட்டி ஓடுங்கோ எண்டு நான் சொல்லுறது அதுக்குத்தான்.

நேரடி இன்ஜெக்சனிலை இன்னொரு பக்கமும் இருக்கு. இன்ரேக் வால்வின்ரை முதுகைப் பெற்றோல் கழுவாது, பிசிவியாலை வாற ஒயில் ஆவி அதிலை சுட்டுக் கரியாப் படியும்.

ஓகஸ்ட் 10

பிறீதர் ஓசுக்கு நடுவிலை, ஆவியோடை வாற ஒயிலைப் பிடிக்கிற கான் பூட்டலாமோ? பூட்டலாம், நல்ல கானா இருந்தா. உள்ளை தட்டுகளோ வலையோ இருக்கோணும், காத்து அதிலை மோதித் திரும்பேக்கைதான் ஒயில் துளி பிரியும். மானிப்பாயிலை ஒரு பெடியன் வெறும் போத்தில் ஒண்டிலை ரெண்டு ஓஸ் பூட்டிப் படம் போட்டிருக்கிறான். ஆசை நல்லது தம்பி, ஆனா அதுக்குள்ளாலை ஆவி அப்பிடியே போயிடும், அதோடை பூஸ்ற் வந்து மூடி பறந்தா சூட்டு எக்சோஸ்ற் மனிபோல்டிலை ஒயில். இரும்பு நார் அடைக்கவும் வேண்டாம், துண்டு துண்டா உடைஞ்சு கம்பிரசருக்குள்ளை போகும்.

கான் பூட்டினவை மறக்காமல் காலி பண்ணோணும். நிரம்பின கான் அடைச்ச ஓசுக்குச் சமன், அப்ப திரும்ப 5ஆம் திகதி எழுதின கதைதான்.

ஓகஸ்ட் 12

டீசல் ஹையேஸ் வான் வைச்சிருக்கிற ஐயா ஒருத்தருக்கு: டீசலிலை பெற்றோல் எஞ்சினிலை இருக்கிற மாதிரி மனிபோல்ட் இழுவை இல்லை, அதாலை பிறீதர் நேரா டர்போவுக்கு முன்னாலை போகும், எப்பவும் ஒரே வழிதான். இன்ரர்கூலரிலை ஒயில் தேங்க விடாதேங்கோ. தேங்கினது ஒருமிக்க உள்ளை போனா டீசல் எஞ்சின் அந்த ஒயிலையே எரிச்சுக்கொண்டு தன்பாட்டிலை சுத்தும், சாவியை நிப்பாட்டினாலும் நிக்காது. அப்பிடி நடந்தா மனுவலெண்டா பிறேக்கை இறுக்கி மிதிச்சுக்கொண்டு ரொப் கியரிலை கிளச்சை விடுங்கோ, இல்லாட்டி காத்து உறிஞ்சிற வாயைப் பலகையாலை அடையுங்கோ. கையாலை மறிக்கப் போகாதேங்கோ. பக்கத்திலை நிக்கிற ஆக்களைத் தள்ளிப் போகச் சொல்லுங்கோ, எஞ்சின் வெடிச்சா இரும்புத் துண்டு பறக்கும்.

ஓகஸ்ட் 17

தம்பியின்ரை கார் வந்தது. ரியூப்பிலை ஐடிலிலை தண்ணி ஒரு பக்கம் நிக்காமல் ஆடினது, றேஸ் பண்ண வெளிக்காலிலை ஏறினது. செக் வால்வைக் கழட்டி ஊதினா ரெண்டு பக்கமும் போகுது. உள்ளை இருக்கிற தட்டு சூட்டிலை வளைஞ்சு கிடக்கு. ஐடிலிலை தேவைக்கு மிஞ்சி ஒயில் ஆவியை இழுத்து எரிச்சிருக்கு, மிதிக்கேக்கை பூஸ்ற்றைக் கீழை விட்டிருக்கு.

அதோடை முடியேல்லை. டர்போ பக்கம் போற பிறீதர் ஓசை ஆரோ முந்தி மாத்தியிருக்கினம், போட்டிருக்கிறது தண்ணி ஓஸ். வெளியாலை பாத்தா ஒரு குறையும் இல்லை. கத்தியாலை நீட்டுக்குக் கீறித் திறந்து பாத்தா உள்தோல் ஒயிலிலை ஊறி உப்பி, மடிஞ்சு, நடு ஓட்டை ஒரு தீக்குச்சி போற அளவு. பூஸ்ற் கீழை வருகுது, வந்தது வெளியாலை போக வழி இல்லை. டிப்ஸ்டிக் எழும்பாமல் என்ன செய்யும்.

5ஆம் திகதி எழுதினதோடை ஒண்டு சேக்கோணும், ஏனெண்டா இதை வாசிச்சுப் போட்டு சிலர் டர்போ ஒருநாளும் பழுதாகாது எண்டு விளங்கியிருக்கினம். டர்போ பழுதாகும். உறிஞ்சிற ஓசைக் கழட்டி சாப்ற்றைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ. பக்கவாட்டிலை மெல்லிய ஆட்டம் இருக்கலாம், ஒயில் படலத்திலை மிதக்கிற சாப்ற் அது. கம்பிரசர் இலை அதை மூடின கூட்டின்ரை சுவரிலை உரஞ்சின அடையாளம் இருந்தாலோ, முன்னுக்குப் பின்னுக்கு இழுத்தா கையிலை உணருற அளவு அசைஞ்சாலோ டர்போ முடிஞ்சுது. தம்பியின்ரை டர்போவிலை ரெண்டும் இல்லை. ஒயில் வடியிற பைப்பையும் கழட்டிப் பாத்தம், அடைப்பு இல்லை.

றிங் தேஞ்ச எஞ்சினெண்டாலும் பிசிவி புதுசாப் போட்டு வேலையில்லை, வாற காஸ் வழியைவிடக் கூட. அதாலை கொம்பிரசனும் பாத்தம், எல்லாச் சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

ஓகஸ்ட் 18

செக் வால்வும் பிறீதர் ஓசும் புதுசாப் போட்டுக் காரைக் குடுத்தாச்சு. தம்பி காலமையே எடுத்தவர், "அண்ணை இன்னும் புகைக்குது". புகைக்கும். இன்ரர்கூலருக்குள்ளையும் சைலன்சருக்குள்ளையும் தேங்கின ஒயில் எரிஞ்சு முடியோணும். இன்ரர்கூலரைக் கழட்டிக் கழுவினம், சைலன்சரைக் கழுவேலாது. ஒருநாள் நீட்டி ஓடுங்கோ, பிறகு கதைப்பம்.

ஓகஸ்ட் 24

கிளிநொச்சி போய் வந்தாப் பிறகு புகை இல்லை, ஐடில் ஆட்டமும் இல்லை. ரியூப் திரும்பப் பூட்டிப் பாத்தம், இப்ப எஞ்சின் பக்கக் காலிலை மூண்டு சென்ரிமீற்றர் ஏறி அசையாமல் நிக்குது, றேஸ் பண்ணினாலும் வெளிப்பக்கம் வரேல்லை. டர்போ பழையதுதான்.

ஓஸ் வாங்கப் போறவைக்கு: ஸ்ரான்லி றோட்டிலை கேக்கேக்கை "ரெப்பற் கவர் ஓஸ்" எண்டு மட்டும் கேக்காதேங்கோ, ஒயிலுக்கும் பெற்றோல் ஆவிக்கும் தாங்கிறது எண்டு சொல்லிக் கேளுங்கோ, ஏலுமெண்டா சேசி நம்பரைக் குடுத்து கொம்பனி ஓசையே எடுங்கோ, வளைவிலை மடியாத வடிவம் அதிலைதான் இருக்கு. செக் வால்விலை அம்புக்குறி இருந்தா அது மனிபோல்ட் பக்கம் பாக்கோணும், மாறிப் பூட்டினா முதலிலை இருந்து தொடங்கவேண்டியதுதான்.